ஆடியவரே ஆண்டார்: காலனிய ஆப்பிரிக்காவின் ஓர் ஆட்டக்கார அதிகாரியைப் பற்றி எழுதப் புகுவோர்க்கு

பழைய கிரிக்கெட் வீரர்களைப் பற்றித் தமிழில் எழுதக் கிளம்புகிறவர்கள் சீக்கிரமே ஒரு வகை ஆளிடம் போய் முட்டிக்கொள்வார்கள். இரண்டு மூன்று டெஸ்ட் ஆடியிருப்பார். சராசரி சொல்லிக்கொள்ளும்படி இராது. குறிப்பின் கடைசியில், "பின்னர் அரசுப் பணியில் உயர் பதவி வகித்தார்" என்று ஒரே ஒரு வரி. அதைத் தமிழில் போட்டுவிட்டு அடுத்த வீரருக்குப் போய்விடுவோம்.

போகக் கூடாது. ஆப்பிரிக்காவின் தென்முனையை பிரிட்டன் ஆண்ட காலத்தில் மைதானமும் தலைமைச் செயலகமும் பெரும்பாலும் ஒரே ஆட்கள் கையில் இருந்தன. காலையில் சட்ட முன்வரைவைத் திருத்தியவர் மாலையில் அணிப் பட்டியலைத் திருத்தினார். இப்படிப்பட்டவரின் வாழ்க்கையை "விளையாட்டு" என்று ஓர் அத்தியாயம், "அரசியல்" என்று இன்னோர் அத்தியாயம் எனப் பிரித்து எழுதுவதுதான் வழக்கம். அப்படிப் பிரித்தால் கதையின் முடிச்சே கழன்று போய்விடும் என்பது என் கட்சி. இரண்டையும் ஒரே தாளில் வைத்து எழுதுவது எப்படி என்று படிப்படியாகப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, தென்முனையில் இருந்த கேப் என்ற பிரிட்டிஷ் காலனியில் கிரிக்கெட் ஆடி, பின்னாளில் ரொடீசியாவை (இன்றைய ஜிம்பாப்வே) நிர்வகித்த வில்லியம் ஹென்றி மில்டனை எடுத்துக்கொள்கிறேன்.

1. ஆளைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு வகைப் பதிவிலும் கிடைக்கிற ஆளாகப் பார்த்து எடுங்கள். ஆட்டப் பதிவில் பெயர் இருக்க வேண்டும், அரசிதழிலோ சட்டமன்ற நடவடிக்கையிலோ பெயர் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் பாதி வாழ்க்கை ஊகமாகிவிடும்.

இப்படிப் பார்த்தால் ஆப்பிரிக்கா முழுவதும் ஆள் உண்டு. அல்ஜீரியாவின் அகமது பென் பெல்லா, மார்சேய் கால்பந்து அணிக்கு ஆடியவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து சொந்த ஊர் மக்னியாவுக்குத் திரும்பி நகராட்சி உறுப்பினரானார். நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானது அதற்கெல்லாம் பிறகு. நைஜீரியாவின் நம்டி அஸிகிவே ஓட்டப் பந்தயக்காரர், லாகோஸில் தன் பெயரிலேயே ஒரு விளையாட்டுக் கழகம் நடத்தியவர். தென்முனையில் ஜேம்ஸ் லோகன் இருக்கிறார்: ஸ்காட்லாந்திலிருந்து வந்து, ரயில்வேயில் சுமை தூக்குவதில் தொடங்கி, ரயில் நிலையங்களில் சாப்பாடு விற்றே பணக்காரராகி, கேப் சட்டமன்றத்துக்கும் போனவர். கிரிக்கெட் பயணங்களுக்குப் பணம் போட்டவர். அவருக்குக் கொடுத்த ரயில்வே ஒப்பந்தத்தால் 1893-இல் ஓர் அமைச்சரவையே உடைந்தது. எழுத ஆசை வரும் ஆள்தான், ஆனால் முதல் முயற்சிக்கு வேண்டாம். அவரைச் சுற்றி ஊர்க்கதைகள் அதிகம், பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மில்டன் புதியவருக்கு ஏற்ற ஆள். அலுவலகக்காரர் என்பதால் போன இடமெல்லாம் தாள் விட்டுச் சென்றிருக்கிறார்.

"அவர் தேர்தலில் நிற்கவே இல்லையே, எப்படி அரசியல்வாதி?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காலனியில் ஓட்டு வாங்கி வந்தவரைவிட நியமனத்தில் வந்தவருக்கு அதிகாரம் கூடுதலாக இருந்தது பல இடங்களில் நடந்த கதை. பதவியின் பெயரைப் பார்க்காதீர்கள், யார் கையெழுத்துப் போட்டார் என்று பாருங்கள்.

2. எலும்புக்கூட்டை நிறுத்துங்கள்

முதலில் சந்தேகமில்லாத தேதிகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பெயரடைகள் எல்லாம் பிறகு வரட்டும். மில்டனுக்கு அது இப்படி இருக்கும்.

1854 டிசம்பரில் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் பிறந்தார். மார்ல்பரோ கல்லூரியில் படித்தார். 1874-இல் ஸ்காட்லாந்துக்கு எதிராகவும் 1875-இல் அயர்லாந்துக்கு எதிராகவும் இங்கிலாந்து ரக்பி அணியில் ஆடினார். ஒரு பக்கத்துக்கு இருபது பேர் ஆடிய காலம் அது. 1878-இல் கேப் காலனிக்கு வந்தார். அங்கே அப்போது இங்கிலாந்தின் வின்செஸ்டர் பள்ளியின் கால்பந்து முறைதான் நடப்பில் இருந்தது. அங்கிருந்த மறைமாவட்டக் கல்லூரியின் தலைவர் ஆகில்வி என்பவர் கொண்டுவந்தது. மில்டன் வந்து ஒன்றிரண்டு பருவத்துக்குள் கேப் டவுன் கழகங்கள் ரக்பிக்கு மாறின. 1889-இலும் 1892-இலும் மூன்று டெஸ்ட் ஆடினார், இரண்டில் கேப்டன். 1890-இல் செசில் ரோட்ஸ் கேப் காலனியின் பிரதமரானதும் பிரதமர் துறையில் முக்கிய அதிகாரியானார். 1896-இல் ரொடீசியா போனார். 1914 வரை அங்கே நிர்வாகி. 1930-இல் பிரான்சின் கான் நகரில் இறந்தார்.

இதில் ஒரு கண்ணி உண்டு. அவர் நிர்வாகியான ஆண்டை ஒரு புத்தகம் 1897 என்கும், ஒன்று 1898 என்கும், இன்னொன்று 1901 என்கும். யாரும் தப்பு சொல்லவில்லை. 1897-இல் ரொடீசியாவின் ஒரு பகுதியான மஷோனாலாந்துக்குத் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். 1898-இல் அது உறுதியானது. இன்னொரு பகுதியான மட்டபிலிலாந்துக்குத் தனி நிர்வாகி இருந்தார். 1901-இல்தான் தென் ரொடீசியா முழுவதும் ஒருவர் கையில் வந்தது. ஆண்டுகள் முரண்படும்போது உடனே ஒன்றை வெட்டாதீர்கள். பதவியின் எல்லை எங்கே மாறியது என்று தேடுங்கள், பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும்.

3. ஸ்கோர் பட்டியலைப் பொறுமையாகப் படியுங்கள்

ஓட்டங்களைக் கூட்டிச் சராசரி சொல்வதோடு நிற்பவர்கள் அதிகம். மில்டனின் சராசரியில் ஒன்றுமில்லை, மூன்று டெஸ்டிலும் ஓர் அரைச்சதம்கூடக் கிடையாது. அந்த ஆட்டங்கள் நடந்த விதத்தில்தான் விஷயம்.

1889 மார்ச் 25, 26. கேப் டவுன், நியூலண்ட்ஸ் மைதானம். மேஜர் வார்ட்டன் கூட்டிவந்த ஆங்கில அணி முதலில் ஆடி 292. பாபி ஏபெல் 120. மில்டன் தலைமையிலான அணி 47-க்குச் சுருண்டது, தொடர்ந்து ஆடி 43-க்குச் சுருண்டது. முதல் இன்னிங்ஸில் பெர்னார்ட் டான்கிரெட் கடைசி வரை ஆட்டமிழக்காமல் நின்று 26 எடுத்தார். மற்ற பத்துப் பேரும் உதிரியும் சேர்ந்து 21. ஜானி பிரிக்ஸ் என்ற இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் அந்த ஆட்டத்தில் 28 ஓட்டங்கள் கொடுத்து 15 விக்கெட் எடுத்தார். அதில் பதினான்கு நேரே ஸ்டம்பைப் பெயர்த்தவை, மீதி ஒன்று எல்பிடபிள்யூ. அதாவது ஒரு விக்கெட்டுக்குக்கூட ஆங்கிலேயக் களத்தடுப்பாளர் யாரும் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பட்டியலிலிருந்து புதியவர் மூன்று செய்திகள் எடுக்கலாம்.

முதலாவது, அன்று ஆடியவர்களுக்கு அது "டெஸ்ட்" என்று தெரியாது. அந்தப் பெயரும் தகுதியும் பின்னாளில் கொடுக்கப்பட்டவை. ஆகவே "தென்னாப்பிரிக்காவின் இரண்டாவது டெஸ்டில் கேப்டனாகப் பொறுப்பேற்றார்" என்று பெருமிதத்தோடு எழுதும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். தென்னாப்பிரிக்கா என்று ஒரு நாடே அப்போது இல்லை. கேப், நேட்டால் என்ற பிரிட்டிஷ் காலனிகளும் டிரான்ஸ்வால், ஆரஞ்சு என்ற போயர் குடியரசுகளும் தனித்தனியாக இருந்தன. ஒன்றியம் பிறந்தது 1910 மே 31.

இரண்டாவது, ஆங்கில அணிக்குத் தலைமை தாங்கியவர் யார் என்று பாருங்கள். மான்ட்டி பௌடன், வயது 23. அணி ஊர் திரும்பியபோது அவர் திரும்பவில்லை. ரோட்ஸின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனி மஷோனாலாந்தைப் பிடிக்க அனுப்பிய படையோடு வடக்கே போய், 1892-இல் உம்டாலியில் இறந்தார். உம்டாலி இன்று முட்டாரே. டாஸ் போட்ட இரண்டு கேப்டன்களும் ஆளுக்கொரு வழியில் ரொடீசியாவில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஓர் ஆட்டத்தின் இருபத்திரண்டு பெயரையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள் என்று புதியவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, பட்டியலில் யார் இல்லை என்று பாருங்கள். கேப் டவுனில் தென்கிழக்காசியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த மலாய் மக்களும், கிழக்குக் கேப்பில் கோசா மக்களும் அதற்கு முன்பே கழகம் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். 1889 பதினொன்றிலும் 1892 பதினொன்றிலும் அவர்களில் ஒருவரும் இல்லை.

4. ஒரே தாளில் இரண்டு பத்தி

வேலையின் உயிர்நாடி இந்தப் படிதான், அவசரப்படாதீர்கள்.

ஒரு பெரிய தாளோ கணினியில் ஓர் அட்டவணையோ எடுங்கள். இடப்பக்கம் ஆட்டம், வலப்பக்கம் அரசாங்கம். ஆண்டுவாரியாக நிரப்புங்கள். ஒரு பக்கம் காலியாக இருந்தால் அப்படியே விடுங்கள், இட்டு நிரப்பாதீர்கள்.

மில்டனுக்கு 1890 முதல் 1894 வரை எழுதிப் பார்ப்போம். 1890 வலப்பக்கம்: ரோட்ஸ் பிரதமர். மில்டன் அவருக்கு நெருக்கமான அதிகாரி.

1892 வலப்பக்கம்: ஓட்டுரிமைச் சட்டம். கேப் காலனியில் 1853 முதல் நிறம் பார்க்காமல் சொத்து பார்த்து ஓட்டு கொடுத்தார்கள், 25 பவுண்டு மதிப்புள்ள சொத்து இருந்தால் போதும். 1892 சட்டம் அதை 75 பவுண்டாக்கியது. பெயரும் முகவரியும் தொழிலும் எழுதத் தெரிய வேண்டும் என்றது. சட்டத்தில் எங்கேயும் நிறம் என்ற சொல் வராது. யார் பெயர் பட்டியலிலிருந்து விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1892 இடப்பக்கம்: மார்ச் மாதம் வால்ட்டர் ரீட் தலைமையில் ஆங்கில அணி நியூலண்ட்ஸில். மில்டன் மறுபடியும் கேப்டன், மறுபடியும் இன்னிங்ஸ் தோல்வி. (இந்த ஆட்டத்தில் ஹெர்ன் சகோதரர்கள் மூவர் ஆடினார்கள். அலெக்கும் ஜார்ஜும் இங்கிலாந்துக்கு, பிராங்க் தென்னாப்பிரிக்காவுக்கு. அவர்களுடைய உறவினர் ஜே. டி. ஹெர்னும் இங்கிலாந்து அணியில். பெயர்களைக் குழப்பிக்கொள்ளாமல் எழுதினால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.) அதே கையோடு, அதே மைதானத்தில், ரீட் அணி மலாய் பதினெட்டு பேர் கொண்ட அணியுடன் ஆடியது. அதில் க்ரோம் ஹென்ட்ரிக்ஸ் என்ற வேகப்பந்து வீச்சாளர் 50 ஓட்டங்கள் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். வந்தவர்கள் அவருடைய வேகத்தைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

1894 இடப்பக்கம்: தென்னாப்பிரிக்க அணி முதன்முறையாக இங்கிலாந்துக்குக் கப்பலேறுகிறது. டிரான்ஸ்வால் பக்கத்திலிருந்து ஹென்ட்ரிக்ஸின் பெயரை முன்வைக்கிறார்கள். கேப் டவுனில் மறுக்கிறார்கள். மேற்கு மாகாணக் கிரிக்கெட்டில் மில்டன் சொல்லுக்கு மறுசொல் இல்லாத நேரம், பின்னால் ரோட்ஸ். பெட்டி தூக்கும் வேலைக்காரனாக வேண்டுமானால் வரலாம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. அப்படி வர மாட்டேன் என்று ஹென்ட்ரிக்ஸ் பத்திரிகைக்கே எழுதிவிடுகிறார். அணி அவரில்லாமல் போகிறது.

1894 வலப்பக்கம்: கிளென் கிரே சட்டம். ஆப்பிரிக்கர்களுக்கு நிலத்தைத் தனித்தனித் துண்டாகப் பிரித்துக் கொடுப்பது, ஆனால் அந்த நிலத்தை ஓட்டுரிமைக்கான சொத்தாகக் கணக்கில் எடுக்காதிருப்பது, வெளியே வேலைக்குப் போகாத ஆண்களிடம் 10 ஷில்லிங் வரி வாங்குவது. ரோட்ஸே கொண்டுவந்த சட்டம். தமிழ் வாசகருக்கு 1894 என்றால் காந்தி நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கிய ஆண்டு. அது பக்கத்துக் காலனி, வேறு சட்டமன்றம். ஓட்டு யாருக்கு என்ற அதே தகராறுதான் அங்கேயும் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது தாளைத் தள்ளி வைத்துப் பாருங்கள். ஹென்ட்ரிக்ஸை ஒதுக்கியதைக் கிரிக்கெட் அத்தியாயத்தில் எழுதினால் தேர்வுக் குழுவின் ஓரவஞ்சனை மாதிரித் தெரியும். கிளென் கிரேக்குப் பக்கத்தில் எழுதினால் அரசாங்கக் கொள்கையாகத் தெரியும். சம்பந்தப்பட்ட ஆட்களும் அலுவலகமும் இரண்டிலும் ஒன்றே. இதை நீங்கள் வாதாட வேண்டியதில்லை, இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்த வாக்கியத்தில் வைத்தால் போதும்.

5. ஒதுக்கப்பட்டவரையும் எழுதுங்கள்

மில்டனைப் பற்றி எழுதும் கட்டுரையில் ஹென்ட்ரிக்ஸுக்கு எத்தனை வரி கொடுப்பது? என் கணக்கில் ஒரு முழுப் பகுதி. ஆனால் தகவல் கிடைப்பது கடினம், கடினமாக்கியதே அந்த ஒதுக்கல்தான். மலாய் அணிக்காக அவர் ஆடியது பதினெட்டு பேர் ஆட்டம் என்பதால் அதற்கு முதல்தர ஆட்டம் (அதிகாரபூர்வப் புள்ளிவிவரத்தில் சேரும் உயர்நிலை ஆட்டம்) என்ற தகுதி கிடையாது. அவரைச் சேர்க்காமல் போன 1894 பயணத்துக்கும் அந்தத் தகுதி கிடையாது, லார்ட்ஸில் எம்சிசி அணியை 11 ஓட்டங்களில் வென்றபோதும்கூட. ஆக, புள்ளிவிவரத் தளங்களில் தேடினால் மில்டனுக்குப் பக்கம் பக்கமாக வரும், ஹென்ட்ரிக்ஸுக்கு ஏறக்குறைய ஒன்றும் வராது. "சாதனை எதுவும் இல்லை" என்று அதற்குப் பொருள் கொண்டுவிடாதீர்கள்.

அவருடைய முதற்பெயரே இடத்துக்கு இடம் மாறும். "மலாய்" என்ற அடையாளமும் பத்திரிகைகள் ஒட்டியது. அவரே தன் பெற்றோர் வழியை வேறுவிதமாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே "மலாய் அணிக்கு ஆடியவர்" என்று எழுதுங்கள், "மலாய்க்காரர்" என்று முத்திரை குத்தாதீர்கள்.

பழி யார் மேல்? இங்கே பேனாவைக் கட்டுப்படுத்த வேண்டும். ஹென்ட்ரிக்ஸை அனுப்பச் சம்மதிக்கவில்லை என்று ரோட்ஸ் தன் வாயாலேயே பிற்பாடு சொல்லியிருக்கிறார். கேட்டவர் பெல்ஹாம் வார்னர், இங்கிலாந்தின் பின்னாளைய கேப்டன். அனுப்பியிருந்தால் சாப்பாட்டு இடைவேளையில் அவரை பூமராங் வீசிக் காட்டச் சொல்லியிருப்பார்கள் என்று கேலியும் சேர்த்துச் சொன்னாராம். பூமராங் எந்தக் கண்டத்துப் பொருள் என்பதுகூட அவருக்குப் பொருட்டில்லை. இப்படி ஒரு வாக்குமூலம் இருக்கிற இடத்தில் "கூறப்படுகிறது", "என்று நம்பப்படுகிறது" என்று இழுக்க வேண்டாம், நேராக எழுதலாம். மில்டனின் மனதில் என்ன இருந்தது என்பதற்கு அப்படி ஒரு வாக்குமூலம் கையில் இல்லையென்றால், அவர் செய்ததை மட்டும் எழுதுங்கள்.

அப்புறம், ஒதுக்கப்பட்டவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்ற தோற்றமும் வந்துவிடக் கூடாது. கிம்பர்லியில் ஐசயா பட்-ம்பெலே என்று ஒருவர் இருந்தார். 1870-இல் பிறந்தவர். கேப் அரசுப் பணித் தேர்வில் முதலில் தேறிய ஆப்பிரிக்கர். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். எக்சென்ட்ரிக்ஸ் என்ற கிரிக்கெட் கழகத்தை நடத்தியவர்களில் முக்கியமானவர். 1897-இல் கறுப்பின, கலப்பினக் கழகங்களுக்காக ரக்பி வாரியம் ஒன்று அமைந்தபோது அதன் செயலாளர். போட்டிக்குக் கோப்பை வேண்டுமே, யாரிடம் கேட்டார்? ரோட்ஸிடம். ரோட்ஸும் கொடுத்தார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பந்துவீச்சாளரைக் கப்பலேற விடாத அதே மனிதர், தனியாக நீங்கள் ஆடிக்கொள்ளுங்கள் என்கிறபோது வெள்ளிக் கோப்பை நீட்டுகிறார். பட்-ம்பெலே பின்னாளில் இன்றைய ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் முன்னோடி அமைப்புக்குப் பொதுச் செயலாளராகவும் இருந்தார். அவருடைய தங்கையைத்தான் எழுத்தாளரும் பத்திரிகையாளருமான சோல் பிளாட்யே மணந்தார்.

மில்டன் முடிந்ததும் அடுத்து யாரை எழுதுவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இவர்தான்.

6. மைதானத்தை விட்டு வெளியேறிய பிறகு

1896-க்குப் பிறகு மில்டனுக்கு ஸ்கோர் பட்டியல் இல்லை. புதியவர்கள் இங்கே தளர்ந்துவிடுவார்கள். கட்டுரையும் திடீரென்று 1930-க்குத் தாவி மரணத்தில் போய் நிற்கும்.

என்ன நடந்தது என்றால், 1895 கடைசியில் ரொடீசியாவின் அப்போதைய நிர்வாகி ஜேம்ஸன் டிரான்ஸ்வாலுக்குள் படையோடு புகுந்து பிடிபட்டார். பின்னணியில் ரோட்ஸ் இருந்தது வெளிப்பட்டு அவர் பதவி விலகினார். ரொடீசியாவில் இருந்த காவல் படையை ஜேம்ஸன் கூட்டிக்கொண்டு போய்விட்டதால் அங்கே ஆளில்லை. 1896-இல் ந்டெபிலி மக்களும் பிறகு ஷோனா மக்களும் கம்பெனிக்கு எதிராக எழுந்தார்கள். முதல் சிமுரெங்கா என்று இன்றைய ஜிம்பாப்வே அதை நினைவுகூர்கிறது. அதன் சூடு அடங்காத நேரத்தில்தான் நிர்வாகத்தைத் திருத்தி அமைக்க மில்டன் அனுப்பப்பட்டார். இந்தப் பின்னணியைச் சொல்லாமல் "ரொடீசியாவின் குடிமைப் பணியை உருவாக்கினார்" என்று மட்டும் எழுதினால் அது பாராட்டுப் பத்திரமாகிவிடும்.

உருவாக்கிய விதத்திலும் மைதானம் வருகிறது. கேப்பிலிருந்து அவர் வரவழைத்த இளைஞர்களில் ரக்பி, கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் கணிசம். நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை நிச்சயம் என்று கிண்டல் பேசும் அளவுக்கு. 1894 இங்கிலாந்துப் பயணத்தின் கேப்டன் ஹெர்பர்ட் காஸ்டென்ஸும் பிற்பாடு ரொடீசிய அரசுப் பணியில் இருந்தார். காஸ்டென்ஸ் 1891-இல் தென்னாப்பிரிக்காவின் முதல் ரக்பி டெஸ்டுக்கும் கேப்டன். அணிப் பட்டியலையும் அலுவலர் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள், நல்ல வேட்டை கிடைக்கும்.

ஆளப்பட்டவர்கள் பக்கம் என்ன? வரி. குடிசைக்கு 10 ஷில்லிங் என்று இருந்தது 1904-இல் வயதுவந்த ஆணுக்கு ஒரு பவுண்டு என்றானது. பணமாகத்தான் கட்ட வேண்டும், பணம் கிடைக்குமிடம் சுரங்கமும் வெள்ளையர் பண்ணையும். மில்டன் காலத்துச் சட்டமன்றத்தில் கம்பெனி நியமித்தவர்களும், குடியேறிகள் தேர்ந்தெடுத்தவர்களும் உட்கார்ந்து இதைப் பேசினார்கள். வரி கட்டியவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

குடும்பத்தை இரண்டு வாக்கியத்தில் முடிக்கலாம். மகன்கள் ஜம்போ, செசில் இருவரும் இங்கிலாந்துக்கு ரக்பி ஆடினார்கள். மகனுக்குச் செசில் என்று பெயர் இருப்பதைப் பார்த்ததும் ரோட்ஸோடு முடிச்சுப் போடத் தோன்றும். ஆதாரம் கிடைக்காமல் போடாதீர்கள்.

7. எங்கே தேடுவது

இலவசமாகக் கிடைப்பதிலிருந்து தொடங்குங்கள். பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட் முழுவதும் இணையத்தில் இருக்கிறது. பட்டம், நியமனம் எல்லாம் தேதியோடு கிடைக்கும். ஸ்கோர் பட்டியலுக்குக் கிரிக்கின்ஃபோ போதும். பலருக்குத் தோன்றாத இடம் ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட். இரண்டும் பழைய பத்திரிகைகளின் இணையக் காப்பகங்கள், இலவசம். அந்த நாட்டுப் பத்திரிகைகள் கேப் செய்திகளைத் தந்தி வழியாகவும் கேப் பத்திரிகைகளிலிருந்து எடுத்தும் தாராளமாகப் போட்டன. பழைய சட்டமன்ற அறிக்கைகளும் பயண நூல்களும் இன்டர்நெட் ஆர்கைவில் உண்டு. பிரிட்டிஷ் பத்திரிகைக் காப்பகம் கட்டணம் கேட்கும். எதைத் தேடுகிறோம் என்று தேதியோடு தெரிந்த பிறகு ஒரு மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டினால் காசு வீணாகாது.

தேடும்போது எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஹென்ட்ரிக்ஸ் ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக வருவார். வருடியெடுத்த பழைய அச்சில் எழுத்துகள் சிதைந்திருக்கும் என்பதால் பெயர் அகப்படாவிட்டால் எதிரணியின் பெயரைப் போடுங்கள். மலாய் ஆட்டத்தைப் பிடிக்க ரீட் என்று தேடுவது எளிது.

வெள்ளையர் பத்திரிகையோடு நிற்காதீர்கள். 1884 முதல் கிங் வில்லியம்ஸ் டவுனிலிருந்து ஜான் டெங்கோ ஜபாவு நடத்திய "இம்வோ ஜபன்சுண்டு" கோசா மொழியிலும் ஆங்கிலத்திலும் வந்தது. அரசியலோடு கிரிக்கெட்டும் அதில் உண்டு.

8. எழுத உட்காரும்போது

ஊர்ப்பெயரை அந்தக் காலத்துப் பெயரில் எழுதி, முதல் தடவை மட்டும் இன்றைய பெயரைச் சொல்லுங்கள். சாலிஸ்பரி இன்றைய ஹராரே. பழைய ஆவணங்களில் ஆப்பிரிக்கர்களைக் குறிக்க வரும் வசைச்சொற்களை உங்கள் நடையில் கலக்க விடாதீர்கள். மேற்கோளில் தவிர்க்க முடியாவிட்டால் மேற்கோளாகவே இருக்கட்டும். சர் பட்டம் 1903-இல் வந்தது, ஆகவே 1889-இல் டாஸ் போடுகிறவரை "சர் வில்லியம்" என்று எழுதினால் சிரிப்பார்கள்.

பிறப்பில் தொடங்கி வரிசையாகப் போவது பாதுகாப்பான வழி, சலிப்பான வழியும்கூட. மில்டனுக்கு நான் சொல்வது 1894-இல் தொடங்குங்கள் என்று. கப்பல் புறப்படுகிறது, அணியில் யார் யார், யார் இல்லை. அங்கிருந்து பின்னால் போய் மார்ல்பரோ, கேப் டவுன், பிரதமர் அலுவலகம். பிறகு முன்னால் வந்து ரொடீசியா. ரக்பி ஆட்டங்களைச் சுருக்குங்கள். 1889 ஆட்டத்துக்கு ஒரு பத்தி, 1892-இல் டெஸ்டுக்கு இரண்டு வரி, மலாய் ஆட்டத்துக்கு ஒரு பத்தி.

புலவாயோவில் 1910-இல் தொடங்கிய பள்ளிக்கு மில்டனின் பெயரை வைத்தார்கள், ஹராரேயில் அவர் பெயரிலிருந்த அரசுக் கட்டடம் இன்று முன்ஹுமுட்டாப்பா. இது கட்டுரையின் கடைசிப் பத்திக்கு. எழுதியதை இரண்டு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்: ஒருவர் கிரிக்கெட் தெரிந்து அரசியல் தெரியாதவர், மற்றவர் அரசியல் தெரிந்து கிரிக்கெட் தெரியாதவர். இருவரும் எந்த இடத்தில் தாவிப் படித்தார்கள் என்று கேட்டு, அந்த இடங்களை மட்டும் திரும்ப எழுதுங்கள்.